தட்டான்களை எண்ணியது நான்; கட்டுரையில் என் பெயர் நான்காவதா?

நெல்லைப் பகுதிக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி எழுதிய கடிதம் இது. ஆறு பக்கம். பெயர், ஊர், குளத்தின் பெயர் மூன்றையும் எடுத்துவிட்டு, ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் நிரம்பும் குளம் ஒன்றின் கரையை ஒட்டி அவருடைய வீடு. தந்தை இல்லை, தாய் பீடி சுற்றிக் குடும்பத்தை நடத்துகிறார். "தட்டான் தாழப் பறந்தால் மழை" என்று ஆச்சி சொல்லிக்கொண்டிருந்தது மனதில் கிடந்து, இரண்டாம் ஆண்டில் ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அதை ஆசிரியையிடம் கேட்டிருக்கிறார். ஆசிரியை சிரித்து ஒதுக்கவில்லை. "எண்ணிப் பார்ப்போமே" என்றார். மடையிலிருந்து, மிகைநீர் வழியும் மறுகால் வரை 200 மீட்டர் தூரத்தை அளந்து கொடுத்தார். ஞாயிறுதோறும் காலை 9 மணி முதல் 10 மணி வரை, எந்த இனம், எத்தனை, எவ்வளவு உயரத்தில் என்று எழுதச் சொன்னார். தன் சொந்த பைனாகுலரையும் இரவல் கொடுத்தார். இப்படிப் போன ஆண்டு ஜனவரியில் தொடங்கிய எண்ணிக்கை 14 மாதம், 60 ஞாயிறுகள் நடந்தது. கடைசி ஏழு மாதம் ஒரு தோழியும் உடன் வந்து குறிப்பேட்டைப் பிடித்தார்.

இப்போது கட்டுரை தயார். அடுத்த வாரம் ஓர் ஆய்விதழுக்கு அனுப்பப்போகிறார்கள். முதல் பெயர், அதே துறையில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஸ்காலருடையது. அவர் கரைக்கு வந்தது மூன்றே முறை. இரண்டாவது மேடம், அதாவது அந்த ஆசிரியை. மூன்றாவது துறைத் தலைவர். நான்காவதாக இந்த மாணவி. தோழியின் பெயர் நன்றியுரையில். இதழ் கேட்கும் கட்டணம் 6,000 ரூபாய். அதை மாணவிகள் இருவரும் ஆளுக்குப் பாதியாகப் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். "டிகிரி படிக்கிற பிள்ளைகள் பெயரைப் போடுவதே பெரிய விஷயம்" என்று ஸ்காலர் சொன்னாராம். அண்ணனோ, "நோட்டை எடுத்து ஒளித்துவை, வக்கீல் நோட்டீஸ் விடலாம்" என்கிறார். டேட்டா என்னுடைய சொத்துதானே, நானே தனியாக வெளியிட்டால் என்ன, வழக்குப் போட முடியுமா, போட்டால் புராஜெக்ட் மதிப்பெண் போய்விடுமா, இந்தக் கட்டுரை இல்லாமல் எம்.எஸ்சி. இடமும் பிஎச்.டி.யும் கிடைக்குமா என்று கேட்கிறார்.

ஐந்தாம் பக்கத்தின் அடியில், இரண்டு பத்திகளுக்கு நடுவே, இன்னொரு வரியும் இருக்கிறது. நவம்பரில் காய்ச்சலாகப் படுத்திருந்தபோது இரண்டு ஞாயிறுகள் கரைக்குப் போகவில்லை. தோழியும் ஊருக்குப் போயிருந்தாள். இடைவெளி விழக் கூடாதே என்று முந்தைய வாரத்து எண்களைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுதிவிட்டேன், அது பெரிய தப்பு இல்லையே என்கிறது அந்த வரி.

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான் வழக்கறிஞராவதற்கு முன் விலங்கியல் படித்தவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளத்துக்கரையில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்று, கண்ணுக்கு முன் ஓரிடத்தில் நில்லாத ஒன்றை எண்ணுவது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். 58 ஞாயிறுகள் அதைச் செய்திருக்கிறீர்கள். முதலில் அதற்கு என் பாராட்டு. ஆச்சியின் வாக்கு ஒன்றைக் கேள்வியாக மாற்ற உங்களுக்குத் தோன்றியது. அதை அளக்கக்கூடிய கேள்வியாக மாற்றிக் கொடுக்க ஓர் ஆசிரியைக்குத் தோன்றியது. இப்படி ஒரு சேர்க்கை எல்லாக் கல்லூரியிலும் அமைந்துவிடாது. அது முறிந்துவிடாமல் உங்களுக்கு உரியதைப் பெற வழி இருக்கிறதா என்று பார்ப்போம்.

58 என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எண்ணாத இரண்டு ஞாயிறுகள்

நீங்கள் கேட்ட எல்லாவற்றையும்விட, கேட்காமல் விட்ட இதுதான் அவசரம். ஒரு கட்டுரையில் பெயர் போடுவது என்றால் என்ன என்று உலகத்து மருத்துவ இதழாசிரியர்கள் வகுத்த விதிகள் உண்டு. 1978-இல் வான்கூவரில் கூடியவர்களிடமிருந்து தொடங்கிய அந்த வரையறையைப் பிற துறை இதழ்களும் பெருமளவு பின்பற்றுகின்றன. அதன்படி நான்கு நிபந்தனைகள்: ஆய்வைத் திட்டமிடுவதிலோ தரவு சேகரிப்பதிலோ அதை ஆராய்வதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும், கட்டுரையை எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு இருக்க வேண்டும், இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும், கட்டுரையின் எந்தப் பகுதியைப் பற்றி யார் கேட்டாலும் பதில் சொல்லப் பொறுப்பேற்க வேண்டும். இந்த நான்காவது நிபந்தனையைப் பாருங்கள். முதல் பெயர் கேட்பவர் முதல் பொறுப்பையும் கேட்கிறார். அந்த இரண்டு ஞாயிறுகளைப் பற்றி யாராவது கேட்டால் உங்களிடம் என்ன பதில் இருக்கிறது?

"பெரிய தப்பு இல்லையே" என்று எழுதியிருக்கிறீர்கள். 60-இல் இரண்டுதானே என்பது உங்கள் எண்ணம். ஆனால் அவை எந்த இரண்டு என்று பாருங்கள். உங்கள் கேள்வியே தட்டானுக்கும் மழைக்கும் உள்ள உறவு பற்றியது. நம் பக்கம் மழை என்றால் வடகிழக்குப் பருவமழைதான். நவம்பர் அதன் நட்டநடு மாதம். உங்கள் பட்டியலில் இருக்கும் பான்டாலா ஃபிளாவெசென்ஸ், அந்த மஞ்சள் நிறத் தட்டான், அக்டோபர் முதல் வீசும் பருவக்காற்றோடு இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவரை கடல் தாண்டிப் போவதாக 2009-இல் சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் எழுதினார். அப்படியானால் அந்த வாரங்களில் உங்கள் குளத்தில் எண்ணிக்கை திடீரென்று ஏறியிருக்கலாம். ஒன்றுகூட இல்லாமலும் போயிருக்கலாம். முந்தைய வாரத்தைப் பார்த்து எழுதிய எண் இரண்டையும் மறைத்துவிடும். கோடையில் இரண்டு வாரம் இப்படி நடந்திருந்தாலும் தவறுதான். இங்கே தவறு கேள்வியின் உயிர்நிலையிலேயே விழுந்திருக்கிறது.

இடைவெளி விட்டால் புராஜெக்டை ஏற்க மாட்டார்கள் என்று பயந்திருக்கிறீர்கள். களப்பணியில் இடைவெளி அவமானம் இல்லை, அம்மா. மழை, காய்ச்சல், பஸ் வராதது எல்லாம் எல்லா ஆய்விலும் உண்டு. 60-க்கு 58 என்பது நல்ல பதிவு. விடுபட்ட நாட்களை விடுபட்டதாகவே வைத்துக் கணக்கிடுவதற்குப் புள்ளியியலில் முறைகள் இருக்கின்றன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரையெல்லாம் வெள்ளக்காடாக இருந்ததே, அந்த வாரம் ஒரு மாணவர் தன் குறிப்பேட்டில் "மறுகால் பாய்கிறது, கரையில் நிற்க முடியவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தால், அதுவும் தரவுதான். உங்கள் குறிப்பேட்டிலும் "காய்ச்சல், போகவில்லை" என்று இரண்டு சொல் இருந்திருந்தால் போதும்.

பி.எஸ்சி. படிக்கும்போது நானும் ஒரு முறை நண்டு எண்ணிக்கை ஒன்றை ரப்பரால் அழித்துத் திருத்தினேன். என் ஆசிரியர் அந்தப் பக்கத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அழித்த இடம் மட்டும் மெலிந்து ஒளி ஊடுருவியது. திட்டவில்லை. தவறான எண்ணின் மேல் ஒற்றைக் கோடு போட வேண்டும், அடியில் இருந்த எண் படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் திருத்திய தேதியும் சுருக்கொப்பமும் வேண்டும் என்று செய்து காட்டினார். நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான். அந்தப் பக்கங்களைக் கிழிக்காதீர்கள், புதிதாக எழுதாதீர்கள். ஒற்றைக் கோடு போட்டு, "இந்த நாளில் கரைக்குச் செல்லவில்லை, எண்கள் அனுமானமாக எழுதப்பட்டவை" என்று இன்றைய தேதியிட்டு எழுதுங்கள். பிறகு மேடத்திடம் சொல்லுங்கள்.

சொன்னால் என்ன ஆகும் என்பதை மூடி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மேடம் வருத்தப்படுவார், கோபப்படவும் கூடும். மதிப்பெண் கொஞ்சம் குறையலாம். ஸ்காலர் மறுபடியும் கணக்குகளை ஓட்ட வேண்டியிருக்கும்; கட்டுரை தள்ளிப்போகும். ஆனால் இன்று இது ஒரு மாணவி தானாக வந்து சொன்ன பிழை. கட்டுரை அச்சான பிறகு வேறு யாரோ கண்டுபிடித்தால் அதற்குப் பெயர் தரவுப் புனைவு. கட்டுரையையே திரும்பப் பெற வேண்டிவரும், நான்கு பேர் பெயரும் கெடும். உங்கள் கையெழுத்தோடு போகும் புராஜெக்ட் அறிக்கையிலும் இதே எண்கள் இருக்கின்றன என்பதையும் மறக்காதீர்கள். வைவா எனும் வாய்மொழித் தேர்வு முடியட்டும் என்று மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போட முடியாது.

பெயருக்கு உரியவர் யார்?

இனி வரிசைக்கு வருவோம். இளநிலை மாணவர் பெயரைப் போடுவதே தயவு என்று உங்களிடம் சொன்னது சரியில்லை. எந்த விதியிலும் படிக்கும் வகுப்பைப் பற்றிய பேச்சே கிடையாது. செய்த வேலையைப் பற்றித்தான் பேச்சு. சென்னை மாநிலக் கல்லூரியில் இளநிலை ஆனர்ஸ் மாணவராக இருந்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் கட்டுரை 1929-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அவர் பெயரிலேயே வெளிவந்தது. அப்போது அவர் இருபதைத் தொடவில்லை. கேள்வி உங்களிடமிருந்து வந்தது, 14 மாதக் களப்பணி உங்களுடையது. கட்டுரை எழுதுவதிலும் நீங்கள் கைவைத்திருந்தால், விலங்கியல் துறை வழக்கப்படி முதல் பெயருக்கு உங்கள் உரிமை வலுவானது. நெறியாளர் பெயர் கடைசியில் வருவதும் இத்துறையில் பரவலான வழக்கம். கடைசிப் பெயருக்கு அங்கே மதிப்புக் குறைவு இல்லை. கணிதத்தில் பெரும்பாலும் அகர வரிசை. ஆகவே "நான்காவது" என்ற எண்ணை மட்டும் பார்த்துக் கொதிக்க வேண்டாம். எந்த வழக்கப்படி வரிசை அமைத்தார்கள் என்று கேளுங்கள்.

இரண்டு இடங்களில் உங்கள் கணக்கு தவறுகிறது.

ஸ்காலரைப் பற்றி, "கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தது தவிர ஒன்றும் செய்யவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் 58 பக்க எண்களில் மழைக்கும் பறக்கும் உயரத்துக்கும் தொடர்பு இருக்கிறதா, தற்செயலா என்று பிரித்துச் சொன்னது அவர் வேலை. வரைவின் பெரும்பகுதியை எழுதியதும் அவரே என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கரைக்கு மூன்று முறைதான் வந்தார் என்பதால் அது வேலை இல்லை என்றாகிவிடாது. அவர் முதலிடத்துக்கு உரியவரா என்பது பேச வேண்டிய விஷயம். பட்டியலுக்கு உரியவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இரண்டாவது, உங்கள் தோழி. ஏழு மாதம் ஞாயிறுதோறும் வந்து, நீங்கள் கண்ணை எடுக்காமல் பார்த்துச் சொல்லச் சொல்ல எழுதியவர். உயரத்தைக் கணிக்கக் கையில் கம்பைப் பிடித்து நின்றவரும் அவர்தான் என்கிறீர்கள். அவர் நன்றியுரைக்குத் தள்ளப்பட்டதை ஒரு தகவலாக எழுதிவிட்டுக் கடந்துபோகிறீர்கள். உங்களுக்கு நடந்ததற்கு ஒரு நியாயம், அவளுக்கு நடந்ததற்கு வேறு நியாயம் இருக்க முடியாது. அவருக்கும் வரைவைப் படித்துத் திருத்த வாய்ப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். அதைச் செய்தால் அவரும் ஆசிரியர்தான். மேடத்தைப் பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

துறைத் தலைவர் பெயர்? துறையை நடத்துவதும் ஆய்வகத்துக்கு அனுமதி தருவதும் மட்டும் ஒருவரை ஆசிரியர் ஆக்குவதில்லை. அவற்றுக்கு உரிய இடம் நன்றியுரை. நம் கல்லூரிகளில் இந்தப் பழக்கம் வேரோடியிருக்கிறது, அது தவறு என்று உரக்கச் சொல்கிறேன். ஆனால் அதைப் பிடுங்கும் வேலையை மூன்றாம் ஆண்டு மாணவி தனியாகத் தலையில் சுமக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு ஒரு சுமுகமான வழி இருக்கிறது. இப்போது பல இதழ்கள் "கிரெடிட்" என்ற முறையில், கருத்தாக்கம், களப்பணி, பகுப்பாய்வு, முதல் வரைவு, மேற்பார்வை என 14 வகைப் பங்களிப்புகளைப் பட்டியலிட்டு, யார் எதைச் செய்தார் என்று கட்டுரையிலேயே அச்சிடுகின்றன. ஒரு தாளில் அந்தக் கட்டங்களைப் போட்டு, உங்களுடையதையும் தோழியுடையதையும் மட்டும் நிரப்பி, மற்றவற்றை அவரவர் நிரப்பட்டும் என்று மேடத்திடம் கொடுங்கள். யாரையும் குற்றம் சாட்ட வேண்டியதில்லை. வெறுமையாக நிற்கும் கட்டம் தானே பேசும்.

சட்டம் எதுவரை வரும்?

அண்ணனின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நோட்டீஸ் விடுவதற்கு இங்கே போதிய பிடிமானம் இல்லை. "டேட்டா என் சொத்து" என்பது சட்டத்தில் அப்படியே நிற்காது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எழுதிய வடிவத்தைக் காக்கும். உண்மைகளையும் கருத்துகளையும் காக்காது. ஒரு குளத்தில் ஒரு காலையில் 43 தட்டான்கள் பறந்தன என்பது உண்மை. அதற்கு யாரும் உரிமையாளர் இல்லை. வெறும் உழைப்பு மட்டும் போதாது, திறனும் தேர்வும் ஓரளவு படைப்புத்தன்மையும் வேண்டும் என்று ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி.மோடக் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில் சொன்னது.

உங்களுக்கு உறுதியாகச் சொந்தமானது ஒன்று உண்டு. நீங்கள் உங்கள் சொற்களில் எழுதிய புராஜெக்ட் அறிக்கை. நீங்கள் கல்லூரியின் ஊழியர் அல்ல. ஆகவே எழுத்து மூலம் வேறு ஒப்பந்தம் செய்திராதவரை அதன் பதிப்புரிமை உங்களுடையது. அதை எழுதியவர் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57-ஆம் பிரிவு தனியாகவே காக்கிறது. கட்டுரையில் உங்கள் அறிக்கையின் பத்திகள் வரிக்கு வரி இருந்தால் குறித்து வையுங்கள்.

நீங்களே தனியாக வெளியிடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். 200 மீட்டரை அளந்து முறையை வகுத்தவர் மேடம், இனங்களைச் சரிபார்த்தவர் மேடம், கணக்கிட்டவர் ஸ்காலர். அவர்களை விட்டுவிட்டு வெளியிட்டால், உங்களுக்கு நடந்ததாக நீங்கள் வருந்தும் அதே காரியத்தை நீங்கள் அவர்களுக்குச் செய்தவராவீர்கள். குறிப்பேட்டை ஒளித்துவைப்பதும் வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துச் சேமித்துக்கொண்டு, மூலத்தைத் துறையில் கேட்டால் கொடுங்கள்.

நீங்கள் அறியாமல் உங்கள் கையில் இருக்கும் பலம் வேறு. உங்கள் ஒப்புதல் இல்லாமல் உங்கள் பெயரோடு ஒரு கட்டுரையை அனுப்புவது முறையில்லை. "திருத்தம் முடியும்வரை எனக்குச் சம்மதம் இல்லை" என்று மேடத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாலே, அதையும் மீறி அனுப்புவது அவர்களுக்குச் சிக்கல். அனுப்பிவிட்டால் இதழாசிரியருக்கு எழுதலாம். ஆனால் பெயர் வரிசைத் தகராறில் இதழ்கள் தாமாகத் தீர்ப்புச் சொல்வதில்லை, கல்லூரியிடமே திருப்பி அனுப்பும்.

கல்லூரிக்குள் இரண்டு கதவுகள் உள்ளன. உங்கள் பெயரை முற்றிலும் நீக்கிவிட்டு உங்கள் எழுத்தைப் பயன்படுத்தினால், கருத்துத் திருட்டைத் தடுக்கும் 2018-ஆம் ஆண்டு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஒழுங்குமுறைப்படி துறை அளவிலும் கல்லூரி அளவிலும் இருக்க வேண்டிய கல்வி நேர்மைக் குழுக்களிடம் புகார் தரலாம். புராஜெக்ட் மதிப்பெண்ணில் பழிவாங்கினார்கள் என்றால், 2023-ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைப்படி அமைந்த குழுவிடம் போகலாம்; அது 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும், திருப்தி இல்லையென்றால் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு உண்டு. சட்டம் இப்படிச் சொல்கிறது. நடைமுறையில், ஆறேழு ஆசிரியர்கள் மட்டுமே உள்ள ஒரு துறையில் புகார் கொடுத்துவிட்டுப் பரிந்துரைக் கடிதம் கேட்பது எளிதல்ல என்பதும் உண்மை. அதனால்தான் இந்தக் கதவுகளைக் கடைசியில் வைக்கிறேன். அவை இல்லை என்பதால் அல்ல.

அந்த ஆறாயிரம் ரூபாய்

கொடுக்காதீர்கள். மூவாயிரத்துக்கு அம்மா எத்தனை ஆயிரம் பீடி சுற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்தபின் இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல மனம் வரவில்லை. கட்டணம் வாங்கும் எல்லா இதழும் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் அனுப்பிய அந்த இதழின் அழைப்பில், நான்கு நாளில் ஏற்பு, பணம் கட்டியதும் சான்றிதழ் என்று இருக்கிறது. 14 மாத வேலையை வேறு ஒரு தும்பி வல்லுநர் பொறுமையாகப் படித்துக் குறை சொல்ல நான்கு நாள் போதாது. அங்கே யாரும் படிக்கப்போவதில்லை என்றுதான் பொருள். "ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறதே" என்கிறீர்கள். அது தொடர் வெளியீடுகளை அடையாளம் காட்டும் எண் மட்டுமே, தரச் சான்று அல்ல. "யுஜிசி கேர் பட்டியலில் உள்ளது" என்றும் அந்த அழைப்பு சொல்கிறது. தரமான இதழ்கள் என்று யுஜிசி வைத்திருந்த அந்தப் பட்டியலையே 2025 பிப்ரவரியில் அது கைவிட்டுவிட்டது. இன்னும் அதைச் சொல்லிப் பணம் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். இப்படிப்பட்ட இதழில் ஒரு முறை வந்துவிட்டால் அதே கட்டுரையை நல்ல இதழ் எதுவும் பிறகு ஏற்காது. 58 ஞாயிறுகள் அங்கே புதைந்துபோகும். கோவையிலிருந்து வரும் ஜர்னல் ஆஃப் திரெட்டன்ட் டாக்ஸா தும்பிகள் பற்றிய கட்டுரைகளை வெளியிடுகிறது; அதுபோன்ற இதழ்களின் விதிகளை மேடத்தோடு உட்கார்ந்து படியுங்கள்.

அவசரமும் இல்லை. எம்.எஸ்சி. சேர்க்கைக்கு மதிப்பெண்ணும் நுழைவுத் தேர்வும்தான், கட்டுரை கேட்பதில்லை. பிஎச்.டி. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைக்கூட யுஜிசி தன் 2022 ஒழுங்குமுறையில் எடுத்துவிட்டது. நேர்முகத்தில் உங்களுக்குக் கைகொடுக்கப்போவது, "ஏன் 9 மணிக்கு எண்ணினீர்கள், 7 மணிக்கு ஏன் இல்லை?" என்று கேட்டால் தடுமாறாமல் பதில் சொல்லத் தெரிவதுதான். அந்தப் பதில் உங்களிடம் இருக்கிறது. கடிதத்தின் இரண்டாம் பக்கத்திலேயே எழுதியிருக்கிறீர்கள்.

மேடத்திடம் போகும்போது

வகுப்பு முடிந்து எல்லோரும் நிற்கும் இடத்தில் பேச வேண்டாம். நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். நவம்பர் விஷயத்தை முதலில் சொல்லுங்கள், பெயர் விஷயத்தைப் பிறகு. முறை மாறினால், பெயர் கிடைக்காததால் டேட்டாவைக் குலைக்கப் பார்க்கிறாள் என்று தோன்றிவிடும். பேச்சு தடுமாறும் என்றால் இப்படி எழுதி வைத்துக்கொள்ளலாம்:

"மேடம், நவம்பரில் இரண்டு ஞாயிறுகள் காய்ச்சலால் நான் கரைக்குப் போகவில்லை. அந்த எண்களை அனுமானமாக எழுதிவிட்டேன். அது என் தவறு. உங்களிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். குறிப்பேட்டில் கோடிட்டுத் திருத்தியிருக்கிறேன். அவற்றை நீக்கிவிட்டு மீண்டும் கணக்கிட்ட பிறகு கட்டுரையை அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். அதோடு, எங்கள் இருவரின் பங்களிப்பை இந்தத் தாளில் எழுதியிருக்கிறோம். பெயர் வரிசையை முடிவு செய்யும்முன் இதைப் பார்த்து, எங்களோடு ஒருமுறை பேச வேண்டும். இதழுக்கான பணத்தை எங்களால் கொடுக்க முடியாது."

பேசி முடித்த அன்று இரவே, பேசியதை நாலு வரியில் மரியாதையாக மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். நாளைக்குத் தேவைப்பட்டால் அதுவே சான்று. மேடம் கட்டங்களைப் பார்த்து வரிசையை மாற்றலாம்; ஸ்காலரும் நீங்களும் முதலிடத்தைச் சமமாகப் பகிர்வதாகக் குறிப்புப் போடலாம், அந்த வழக்கமும் உண்டு. இரண்டாமிடம் என்று முடிவானாலும் ஏற்றுக்கொள்ளத் தகுந்ததே. மாற்றவே மாட்டேன் என்றால் உங்கள் பெயரை எடுத்துவிடக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், கல்லூரிக் குழுவுக்கு எப்படி எழுதுவது என்று சொல்கிறேன். என் மனதுக்கு, இரவல் பைனாகுலரை 14 மாதம் திருப்பிக் கேட்காத ஆசிரியை அந்த அளவுக்குப் போக மாட்டார் என்றே படுகிறது.

கடைசியாக, கட்டுரை தயாராகிவிட்டதால் இனி ஞாயிறுகளில் கரைக்குப் போக வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். போங்கள். ஒரே ஒரு நவம்பர்தான் உங்களிடம் இருக்கிறது, அதிலும் இரண்டு வாரம் இல்லை. வரும் பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்து குளம் பெருகும்போது, அதே மடையிலிருந்து அதே மறுகால்வரை, உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் தோழி எண்ணவும் தோழி ஊருக்குப் போனால் நீங்கள் எழுதவும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் முடியாத வாரத்தில் பக்கத்தின் தலைப்பில் தேதியை எழுதி, கீழே "போகவில்லை" என்று மட்டும் எழுதுங்கள்.